உப்புப் பாறையில் நடந்த விசாரணை

மருதங்காட்டுக் குளக்கரையில் ஒரு கிழட்டுக் காட்டெருமை தும்மியது. தும்மல்தானே என்று யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மறுநாள் அது இருமியது. மூன்றாம் நாள் மூச்சு இழுத்தது. நான்காம் நாள் தண்ணீர் குடிக்க வரவில்லை. ஐந்தாம் நாள் புதர்மேல் கழுகுகள் வட்டமிட்டபோதுதான் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அந்த வாரமே இரண்டு கடமான்கள் படுத்தன. ஒரு பன்றிக்குட்டி மூக்கு ஒழுகி, கண் சிவந்து, தாயின் காலடியிலேயே செத்துப்போனது.

"சபையைக் கூட்டு!" என்று காடே கத்தியது.

மருதங்காட்டுச் சபையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். குளத்துக்குக் கிழக்கே ஓர் உப்புப் பாறை உண்டு. சபை அங்கேதான் கூடும். பேச எழுகிறவர் யாரானாலும் முதலில் அந்தப் பாறையை மூன்று தடவை நக்க வேண்டும். முதல் நக்கு, பொய் சொல்லமாட்டேன் என்பதற்கு. இரண்டாவது, பிறர் பேச்சில் குறுக்கிடமாட்டேன் என்பதற்கு. மூன்றாவது எதற்கென்று யாருக்கும் ஞாபகம் இல்லை. ஆனாலும் நக்குவார்கள். நக்காமல் சொன்ன பேச்சு, பேச்சே இல்லை. காது இருந்தும் கேட்காத மாதிரி எல்லாரும் வானத்தைப் பார்ப்பார்கள். தலைமுறை தலைமுறையாக நாக்குப் பட்டுப் பட்டு அந்தப் பாறையில் ஒரு குழியே விழுந்திருந்தது. அந்தக் குழியில் எப்போதும் எச்சில் ஈரம் மினுங்கும்.

பாறைக்கு இன்னொரு சட்டமும் உண்டு. பாறை அசுத்தப்பட்டுவிட்டால், மூன்று நல்ல மழை பெய்து அதைக் கழுவும்வரை சபை கூடக் கூடாது. ஒருமுறை ஒரு பன்றி அதில் சேற்று முதுகைத் தேய்த்துவிட்டு, இரண்டு மாதம் எல்லாரிடமும் திட்டு வாங்கியது.

அன்று மாலை கரடியார் தலைமையில் சபை கூடியது. புலி வரவில்லை. அது வந்தால் சபையே இருக்காதே!

முதலில் பாய்ந்து வந்தது சுறுக்கன் என்கிற குரங்கு. சளக் சளக்கென்று மூன்று தடவை நக்கியது. "இதுல பேச என்ன இருக்கு? எல்லாம் அந்த வௌவால் வேலை! ராத்திரி எங்கெங்கோ சுத்துறான். கடிச்ச பழத்தை எச்சிலோட கீழே போடுறான். இந்த நோய்க்கு வௌவால் சுரம்னு பேர் வைக்கணும்!"

எல்லாத் தலைகளும் மேலே திரும்பின. பாறைக்குப் பக்கத்து மருதமரத்தில் பழந்தின்னி வௌவால் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பேர் ஊஞ்சலாண்டி. அது வாயைத் திறந்தது.

"இறங்கி வந்து நக்கிட்டுப் பேசு!" என்றார் கரடியார்.

"எனக்குத் தரையில நிக்க வராதே, ஐயா!"

"அப்போ உன் சாட்சி செல்லாது!"

அடுத்துக் கட்டையன் என்கிற காட்டுப்பன்றி வந்தது. அதே குழியில் மூன்று நக்கு. "வௌவால் ஆயிரம் வருஷமா இங்கேதான் தொங்குது. இப்போ மட்டும் எப்படி வந்துச்சாம்? இந்தக் குரங்குப் பயலுங்கதான் ரோட்டோரம் போய் மனுஷன் வீசுற பொட்டலத்தைப் பொறுக்கித் தின்னுட்டு வந்தாங்க. இது குரங்குச் சுரம்!"

"யாரைச் சொல்றே? நீ புரள்ற சேத்துல என்னென்ன முளைக்குதுன்னு முகர்ந்து பாத்தியா?"

"வாயை அடக்குடா! இரண்டாவது நக்கு எதுக்குன்னு மறந்துட்டியா?"

குரங்கு மறுபடி வந்து நக்கியது. பன்றி மறுபடி வந்து நக்கியது. இப்படியே மாறி மாறிப் பொழுது போனது.

கூட்டத்தின் ஓரத்தில் ஒரு புள்ளிமான் நின்றது. அதன் பேர் தும்பை. அதன் வயிற்றுக்கடியில் பிறந்து மூன்று வாரமே ஆன ஒரு குட்டி. பிறக்கும்போதே அது ஒரு முயல் அளவுதான் இருந்தது. அதனால் அதற்குக் குறுணி என்று பேர். தும்பைக்கு இதற்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. இதையாவது கண்ணில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஆசை.

பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். பிறகு குட்டியைப் புதரில் படுக்கவைத்துவிட்டு வந்து, முறைப்படி மூன்று தடவை பாறையை நக்கினாள்.

"ஐயா, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். இந்த நோய் என் குட்டிக்கு வருமா?"

கரடியார் மூக்கைச் சொறிந்தார். "ஏம்மா தும்பை, எதுக்கும் ஒரு முறை இருக்கில்ல? முதல்ல எங்கிருந்து வந்துச்சுன்னு முடிவாகட்டும். யாருக்கு வரும்கிறது அதுக்கப்புறம்."

"வந்துட்டா என்னங்க ஐயா பண்றது?"

"அது அதுக்கும் அப்புறம்!"

தும்பை திரும்பிப் போனாள். குறுணி ஓடிவந்து பால் குடித்தது. தாய் அதன் முகத்தையும் மூக்கையும் பாசத்தோடு நக்கிவிட்டாள்.

மறுநாளும் சபை. அதற்கு மறுநாளும் சபை. ஒவ்வொரு நாளும் தும்பை பாறையை நக்கிவிட்டு அதே கேள்வியைக் கேட்டாள். ஒவ்வொரு நாளும் அதே பதில்.

நான்காம் நாள் சபைக்குப் பாதிப் பேர் இருமிக்கொண்டே வந்தார்கள். இனி யாருக்கு வரும் என்ற பேச்சைத் தள்ளிப்போட முடியவில்லை. ஆனால் அதையும் எப்படிப் பேசினார்கள் தெரியுமா?

"குளம்பு உள்ளவங்களுக்குத்தான் வரும்! எங்களை மாதிரி விரல் உள்ளவங்களுக்கு ஒண்ணும் ஆகாது!" என்றது குரங்கு.

"தந்தம் மாதிரி பல்லு வெளியே நீண்டவனுக்கு வராது!" என்றது பன்றி.

"கிழடு கட்டைக்குத்தான் வரும். அதுங்க எப்படியும் போறதுதானே!" என்றது ஒரு வாலிபக் கடமான். பக்கத்தில் நின்ற அதன் கிழத் தகப்பன் தலையைக் குனிந்துகொண்டது.

"அப்போ அந்தப் பன்றிக்குட்டி செத்துச்சே! அது கிழடா?" என்று தும்பை கேட்டாள்.

எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள். அவள் அந்தத் தடவை நக்காமல் கேட்டுவிட்டாளாம்!

இரண்டு நாள் கழித்துக் குரங்குக்கு மூக்கு ஒழுகியது. "இது வேற. நேத்து மழைத்தூறல்ல நனைஞ்சுட்டேன்" என்றது. கட்டையனுக்கு நெஞ்சில் கரகரவென்று சத்தம் வந்தது. "நேத்து கிழங்கு தோண்டினேன், புழுதி போயிடுச்சு" என்றது. கரடியார் தும்மிய தும்மலில் மருத இலைகள் உதிர்ந்தன. "தேனீ மூக்குல கொட்டிடுச்சு" என்றார். அடேயப்பா! நோய் வந்தவர்கள் எல்லாரிடமும் ஒரு காரணம் இருந்தது. நோய் மட்டும் யாரிடமும் இல்லை!

அந்த வாரக் கடைசியில் ஒரு காலை. தும்பை எழுந்திருக்கும்போது அவளுக்குத் தொண்டை வலித்தது. அதை அவள் பெரிதாக நினைக்கவில்லை. குறுணியை மூக்கால் தட்டி எழுப்பினாள். குட்டி எழுந்திருக்கவில்லை. அதன் காது இரண்டும் நெருப்பாய்ச் சுட்டன. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் யாரோ சீட்டி அடிப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"ஐயோ, என் கண்ணே!"

தும்பை மடியைக் கொண்டுபோய் வாயருகே வைத்தாள். குட்டி இரண்டு வாய் குடித்துவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டது. காய்ச்சலுக்கு நீர்த்தழை நல்லது என்று யாரோ சொன்னது நினைவுக்கு வர, குட்டியை இலைதழையால் மூடிவிட்டுக் குளத்துக்கு ஓடினாள்.

வழியில் ஓர் ஆமைக் குடும்பம் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தது. அப்பா, அம்மா, ஐந்து பிள்ளைகள். கொழுகொழுவென்று இருந்தார்கள். ஒருவர்கூட இருமவில்லை.

தும்பை நின்றுவிட்டாள். "ஆமை அண்ணே, உங்க வீட்டுல யாருக்கும் நோய் இல்லையா?"

"இல்லையே! அதைப் பத்தி எங்களுக்கு ஒண்ணும் தெரியாதும்மா. சபையில போய்க் கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னா, நாங்க போய்ச் சேர்றதுக்குள்ள சபை கலைஞ்சுடுது. ஒரு வாரமா இதே பாடு. இன்னைக்கு விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிட்டோம். எப்படியும் இன்னைக்குப் பாறையை நக்கிடுவோம்!"

தும்பைக்குப் பொட்டில் அடித்தாற்போல் இருந்தது.

இத்தனை நாளும் யாருக்கு வரும், யாருக்கு வரும் என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். யாருக்கு வரவில்லை என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையே! ஆமைக்கு வரவில்லை. பாறைப் பக்கமே எட்டிப் பார்க்காத கீரிக்கு வரவில்லை. எல்லாரோடும் சண்டை போட்டுக்கொண்டு மேற்குக் கரையில் தனியாக மேயும் ஒற்றைக் காட்டெருமைக்கும் வரவில்லை.

மருதமரத்தடிக்கு ஓடினாள். "வௌவால் அண்ணே! மேலேயிருந்து எல்லாத்தையும் பாத்துக்கிட்டுத்தானே இருந்தீங்க? நோய் எங்கேயிருந்து வந்துச்சு?"

ஊஞ்சலாண்டி இறக்கையை இறுக்கிப் போர்த்திக்கொண்டது. "சத்தியமா எனக்குத் தெரியாது தங்கச்சி. எங்க கூட்டத்துல இருந்தே வந்திருக்கலாம். குரங்கு கொண்டு வந்திருக்கலாம். இல்லேன்னு அடிச்சுச் சொல்ல நான் யாரு? ஆனா எங்கே போகுதுன்னு பாத்தேன். அந்தக் கிழட்டுக் காட்டெருமை சாகறதுக்கு முன்னாடி, உப்பு ருசிக்கு அந்தக் குழியைத்தான் பொழுதுக்கும் நக்கிக்கிட்டு நின்னுச்சு. அப்புறம் ரெண்டு கடமான். அப்புறம் அந்தப் பன்றிக்குட்டி. அதுக்கப்புறம் சபையில பேசினவங்க ஒவ்வொருத்தரா. கத்திக் கத்திச் சொன்னேன். நக்காம சொன்னதால யாரு காதுலயும் ஏறல."

தும்பை தன் நாக்கை வாய்க்குள் இழுத்துக்கொண்டாள். இந்த நாக்கால்தானே தினமும் பாறையைத் தொட்டாள்? இந்த நாக்கால்தானே வீட்டுக்குப் போய்ப் பிள்ளையின் மூக்கை நக்கினாள்? என் குட்டிக்கு வருமா, வருமா என்று கேட்டுக் கேட்டு, தானே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டாள்! அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழக்கூட நேரம் இல்லை.

ஏனென்றால் அன்றைக்குத் தீர்ப்பு நாள்.

வௌவால்தான் குற்றவாளி என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது. பன்றியும் குரங்கும் இருமலில் களைத்துப்போய் ஒத்துக்கொண்டார்கள். தீர்ப்புக்கு மட்டும் ஒரு தனி வழக்கம் உண்டு. காட்டில் உள்ள எல்லாரும், பால்குடிக் குட்டிகள் உட்பட, வரிசையில் வந்து ஆளுக்கொரு நக்கு நக்கி, "சம்மதம்" என்று சொல்ல வேண்டும்.

தும்பை குளத்தில் இறங்கி நீர்த்தழையைப் பறித்து, கவ்விக்கொண்டு குட்டியிடம் ஓடினாள். தழையைப் பக்கத்தில் வைத்தாள். அதன் நெஞ்சைப் பார்த்தாள். ஏறியது, இறங்கியது, நின்றது, மறுபடி ஏறியது. விட்டுவிட்டுப் போனால் திரும்பி வரும்போது இருக்குமோ இருக்காதோ! போகாமல் இருந்தால்? இதே மாதிரி எத்தனை நெஞ்சு சீட்டி அடிக்கப்போகிறதோ!

"அம்மா இதோ வந்துடறேன். மூச்சு விட்டுக்கிட்டே இரு, என்ன? விட்டுக்கிட்டே இரு!" என்று சொல்லிவிட்டுப் பாறையை நோக்கிப் பாய்ந்தாள்.

அங்கே வரிசை குளக்கரைவரை நீண்டிருந்தது. முன்னால் நின்றவள் கொன்றை என்கிற மான். தும்பையின் பெரியம்மா மகள். அவளுடைய கொழுத்த குட்டி பாறைக் குழியை நோக்கி மூக்கை நீட்டிக்கொண்டிருந்தது.

"நக்காதீங்க! யாரும் நக்காதீங்க!" என்று தூரத்திலிருந்தே தும்பை அலறினாள். "நோய் பாறையிலதான் இருக்கு! நம்ம எச்சில்ல இருக்கு!"

எல்லாரும் வானத்தைப் பார்த்தார்கள்.

"கொன்றை அக்கா! உன் குட்டியைப் பின்னால இழு!"

"முதல்ல நக்கிட்டுப் பேசுடி! சபைன்னு ஒரு மரியாதை வேணாம்?" என்றாள் கொன்றை.

கரடியார் தொண்டையைச் செருமினார். செருமல் இருமலாகி, இருமல் நிற்க வெகுநேரம் ஆனது. "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. மூணு தடவை நக்கு. அப்புறம் சொல்லு. கேக்கறோம்."

"நான் நக்கினா எனக்கு ஒண்ணும் போகப்போறதில்லை ஐயா! என் தொண்டையிலதான் ஏற்கெனவே இருக்கே! எனக்கு அடுத்தாப்ல நக்கறது இந்தப் பச்சைக் குழந்தை!"

வானத்தையே பார்த்தார்கள். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை. கொன்றையின் குட்டி நாக்கை நீட்டியது.

தும்பைக்கு எங்கிருந்துதான் அந்த வேகம் வந்ததோ! ஒரே தாவு. பாறைமேல் ஏறினாள். குழிக்கு நேராகப் பின்னங்காலை மடக்கினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, குழி நிரம்பி வழிய மூத்திரம் பெய்தாள். அதோடு விட்டாளா? மேலே புழுக்கையும் போட்டாள்!

கொன்றையின் குட்டி நீட்டிய நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டது.

பிறகு ஒரே கூச்சல். "பாவி!" "சண்டாளி!" "பாறையைக் கெடுத்துட்டாளே!" குரங்கு கல்லை எறிந்தது. பன்றி துரத்தியது. "இனிமே நீ கிழக்குக் கரையில கால் வைக்கக் கூடாது!" என்று கரடியார் கர்ஜித்தார். தீர்ப்பு நின்றுபோனது. மூன்று மழைக்குச் சபை கிடையாது. வரிசை கலைந்து, எல்லாரும் திட்டிக்கொண்டே அவரவர் புதருக்குப் போனார்கள்.

அப்போதுதான் ஆமைக் குடும்பம் மூச்சு வாங்க வந்து சேர்ந்தது. பாறையைப் பார்த்தது. "ஒரு வாரம் நடந்தோம்! இதுக்கா?" என்று ஆமை அழாத குறையாகக் கேட்டது.

தும்பை விலாவில் பன்றியின் கோரைப்பல் கீறிய ரத்தத்தோடு புதருக்கு வந்தாள். பக்கத்தில் போகவே பயமாக இருந்தது. நின்று காது கொடுத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. இன்னும் ஓர் அடி வைத்தாள். மெல்லிசாக ஒரு சீட்டிச் சத்தம் கேட்டது. அப்புறம் இன்னொன்று.

அவள் அப்படியே மடங்கி உட்கார்ந்து அழுதாள். இந்தத் தடவை குட்டியின் மூக்கை நக்கவில்லை. தன் முதுகை மட்டும் அதன் முதுகோடு சேர்த்துப் படுத்துக்கொண்டாள்.

மூன்று மழைக்கு ஒன்றரை மாதம் ஆனது. அதுவரை யாரும் பாறையில் வாய் வைக்கவில்லை. படுத்தவர்களில் சிலர் போய்ச் சேர்ந்தார்கள், சிலர் எழுந்தார்கள். ஆனால் புதிதாக ஒருவரும் படுக்கவில்லை. அது ஏன் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது என்கிறீர்களா? எங்கே! "நம்ம விசாரணையைப் பாத்து வௌவால் பயந்துட்டான்" என்றது குரங்கு. "வெயில் மாறினதும் போயிடுச்சு" என்றது பன்றி. தும்பையின் பேரை எடுத்தாலே காறித் துப்பினார்கள்.

மூன்றாம் மழை விட்ட மறுநாள் சபை கூடியது. பாறை பளிச்சென்று கழுவிக் கிடந்தது. குழியில் மழைநீர் தெளிவாக நின்றது.

"விட்ட இடத்துல இருந்து தொடங்கலாம். நோய் எங்கிருந்து வந்துச்சு? யாரு முதல்ல பேசறது?" என்று கரடியார் கேட்டார்.

குரங்கு பாறையைப் பார்த்தது. பன்றியைப் பார்த்தது. "பெரியவர் பேசட்டும்" என்றது. "வேணாம், வேணாம், நீயே பேசு" என்றது பன்றி. "தலைவரே தொடங்கட்டும்!" என்று இருவரும் சேர்ந்து சொன்னார்கள். கரடியார் குழிவரைக்கும் முகத்தைக் கொண்டுபோனார். "எனக்கு இன்னைக்குத் தொண்டை அவ்வளவு சரியில்லை" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தார்.

கொன்றையின் குட்டிக்கு இதெல்லாம் தெரியுமா? உப்பு வாசனைக்குத் துள்ளி முன்னால் ஓடியது. சபையில் தும்பையை எல்லாரையும்விட அதிகமாகத் திட்டியவள் கொன்றைதான். அவள் ஒரு பேச்சும் பேசாமல், குட்டியின் காதைப் பல்லால் கவ்வி வெடுக்கென்று பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். அதைப் பார்த்து மற்றத் தாய்களும் தங்கள் குட்டிகளை இழுத்துக்கொண்டார்கள். சபை சத்தம் போடாமல் கலைந்தது.

மேற்குக் கரையில் தும்பை மேய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் குறுணி. எலும்பும் தோலுமாக இருந்தாலும் நின்றது, நடந்தது, பால் குடித்தது. ஆனால் நெஞ்சில் அந்தச் சீட்டிச் சத்தம் மட்டும் போகவே இல்லை. தும்பை இரண்டு வாய் புல் மேய்வாள். நிமிர்ந்து அந்தச் சத்தம் கேட்கிறதா என்று பார்ப்பாள். கேட்ட பிறகுதான் மூன்றாம் வாய்.

நோய் யார் வீட்டிலிருந்து வந்தது என்று தேடுவதில் தப்பில்லை. ஆனால் அது இப்போது எந்த வழியாகப் போகிறது என்று முதலில் பார்க்காதவர்கள், தாங்களே அதற்கு வழியாகிவிடுவார்கள்.